செயற்கைக்கோள் படங்களில் கடலோர ஈரநில மாற்றம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலையாத்திக் காடு, காயல், சேற்றுத்திட்டு, உப்பளம், இறால் பண்ணை ஆகியவற்றின் பரப்பு எப்படி மாறியிருக்கிறது என்பதைச் செயற்கைக்கோள் படங்களிலிருந்து கணக்கிட விரும்பும் மாணவர்கள், தொண்டு நிறுவனத்தினர், கடலோர ஊர்களில் வேலை செய்பவர்கள் ஆகியோருக்கான பக்கம் இது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் முத்துப்பேட்டை, வேதாரண்யம்–கோடியக்கரை, பிச்சாவரம் பகுதிகளைச் சேர்ந்தவை. முறைகள் வேறு கடற்கரைகளுக்கும் பொருந்தும். ஓதமும் (கடலின் ஏற்றவற்றம்) பருவமும் பற்றிய பகுதியை மட்டும் அந்தந்த இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.

இரண்டு ஆண்டுகளின் படங்களைப் பக்கத்தில் வைத்தாலே வித்தியாசம் தெரிகிறதே, அது போதாதா?

போதாது. வேதாரண்யம் உவர்ச் சதுப்பின் டிசம்பர் படத்தையும் அடுத்த மே மாதப் படத்தையும் எடுத்துப் பாருங்கள். முதல் படத்தில் பல கிலோமீட்டருக்குத் தண்ணீர் பரந்திருக்கும். இரண்டாவதில் அதே இடம் உப்புப் பூத்து வெள்ளையாகக் கிடக்கும். ஈரநிலம் எங்கும் போய்விடவில்லை; மழைக்காலம் முடிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டு படங்களுக்கு இடையே தெரியும் வித்தியாசத்தில் பருவம், ஓதம், கருவியின் மாறுபாடு, படத்தைச் செப்பனிட்ட முறை என்று நான்கும் கலந்திருக்கும். இந்த நான்கையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் நிலத்தில் நடந்த மாற்றம். வேலையின் பெரும்பகுதி இந்தக் கழித்தலில்தான் இருக்கிறது.

எந்தச் செயற்கைக்கோளின் படத்தை எடுப்பது?

எத்தனை ஆண்டு பின்னோக்கிப் போக வேண்டும் என்பதைப் பொறுத்தது.

முப்பது, நாற்பது ஆண்டுகளை ஒப்பிடுவதானால் அமெரிக்காவின் லேண்ட்சாட் வரிசைதான். 1984-இல் ஏவப்பட்ட லேண்ட்சாட் 5, 1999-இன் லேண்ட்சாட் 7, 2013-இன் லேண்ட்சாட் 8, 2021-இன் லேண்ட்சாட் 9 ஆகியவற்றின் படங்கள் 30 மீட்டர் பிக்சலில் (பிக்சல் என்பது படத்தின் மிகச் சிறிய சதுரம்) கிடைக்கின்றன. ஒவ்வொன்றின் சுற்றும் 16 நாள்; 5-உம் 7-உம் இப்போது ஓய்ந்துவிட்டன. 8-உம் 9-உம் சேர்ந்தால் 8 நாளுக்கு ஒரு படம். படங்களைத் தேட லேண்ட்சாட்டின் கட்ட எண் வேண்டும்: பிச்சாவரத்துக்குப் பாதை 142, வரிசை 52. முத்துப்பேட்டை, கோடியக்கரைக்குப் பாதை 142, வரிசை 53.

2016-க்குப் பிந்தைய மாற்றம் மட்டும் போதுமென்றால் ஐரோப்பாவின் சென்டினல்-2 மேல். முதல் கோள் 2015-இலும் இரண்டாவது 2017-இலும் போயின. இரண்டும் சேர்ந்து 5 நாளுக்கு ஒரு படம். நீலம், பச்சை, சிவப்பு, அண்மை அகச்சிவப்பு ஆகிய நான்கு பேண்டுகள் (ஒளியின் அலைப்பட்டைகள்) 10 மீட்டர். குற்றலை அகச்சிவப்பு (ஆங்கிலத்தில் எஸ்டபிள்யுஐஆர்) பேண்டுகள் 20 மீட்டர்.

நம் அளவில் சொன்னால், லேண்ட்சாட் பிக்சல் ஒன்று 900 சதுர மீட்டர், அதாவது 22 சென்ட். சென்டினல் பிக்சல் ஒன்று இரண்டரை சென்ட். அரை ஏக்கர் இறால் குட்டையை லேண்ட்சாட் இரண்டு மூன்று பிக்சலாகத்தான் பார்க்கும், அவையும் பக்கத்து வரப்போடும் புல்லோடும் கலந்த பிக்சல்களாக இருக்கும். குட்டைகளை எண்ண வேண்டும் என்றால் லேண்ட்சாட்டை நம்பாதீர்கள்.

இந்தியக் கோள்களில் ரிசோர்ஸ்சாட் வரிசையின் லிஸ்-3 கேமரா சுமார் 24 மீட்டர், லிஸ்-4 5.8 மீட்டர். குறுகிய ஓடைக்கரை அலையாத்தியைப் பிரித்தறிய லிஸ்-4 நன்றாக உதவும். ஆனால் அதில் பச்சை, சிவப்பு, அண்மை அகச்சிவப்பு மட்டும்தான் உண்டு. குற்றலை இல்லாததால் கீழே சொல்லும் சில குறியீடுகளை (பேண்டுகளை வைத்துக் கணக்கிடும் எண்களை) அதில் கணக்கிட முடியாது.

இவற்றுக்குக் காசு கட்ட வேண்டுமா?

லேண்ட்சாட் காப்பகம் 2008 முதல் இலவசம். அமெரிக்க நிலவியல் அளவை நிறுவனத்தின் (யுஎஸ்ஜிஎஸ்) எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் பதிவு செய்து இறக்கலாம். சென்டினல் படங்கள் கோப்பர்நிக்கஸ் தளத்தில் இலவசம். இந்தியக் கோள்களின் படங்களுக்கு ஐதராபாத் தேசியத் தொலையுணர்வு மையத்தின் பூநிதி தளம். எதையும் இறக்காமல் வேலை செய்ய கூகுள் எர்த் எஞ்சின்; வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்குக் கட்டணம் இல்லை. வரைபட வேலைக்கு கியூஜிஐஎஸ் மென்பொருள் போதும்.

எந்த மாதப் படம் சரி?

சோழமண்டலக் கரைக்கு மாசி, பங்குனி. அதாவது பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை. காரணங்கள்:

வடகிழக்குப் பருவமழை முடிந்து வெள்ளம் வடிந்திருக்கும். மேகம் குறைவு. மழையில் தளிர்த்த புல்லும் பூண்டும் காயத் தொடங்கியிருக்கும். ஆண்டு முழுதும் பசுமையாக இருக்கும் அலையாத்தி அப்போது தனித்துத் தெரியும். கடல்மட்டமும் இதில் சேரும். வங்கக் கடலின் இந்தப் பகுதியில் கடல்மட்டம் அக்டோபர், நவம்பரில் உயர்ந்தும் மார்ச்சை ஒட்டித் தாழ்ந்தும் இருக்கும். வித்தியாசம் சில பத்து சென்டிமீட்டர். தட்டையான சேற்றுத்திட்டில் அது பெரிய வித்தியாசம்.

ஏப்ரல் நடுவில் கொஞ்சம் கவனம் தேவை. பத்துப் பதினோரு பாகை அட்சரேகையில் சூரியன் ஏப்ரல் மூன்றாம் வாரத்தை ஒட்டியும் ஆகஸ்ட் பிற்பாதியிலும் நடுப்பகலில் தலைக்கு மேல் நிற்கும். அந்த நாட்களில் கடலும் காயலும் சூரிய ஒளியை நேராகக் கோளை நோக்கிப் பிரதிபலித்துப் பளபளக்கும். நீருக்கு இருட்டாக இருக்க வேண்டிய அகச்சிவப்பு பேண்டுகள் வெளுத்துப்போய், நீர் நிலம்போலக் காட்டும்.

எந்த மாதத்தை எடுத்தாலும் இரண்டு காலத்துக்கும் அதே மாதம் வேண்டும். அது மட்டும் போதாது: ஒப்பிடும் இரண்டு ஆண்டுகளின் முந்தைய பருவமழை அளவையும் பாருங்கள். மழை பொய்த்த ஆண்டின் மார்ச்சையும் பெருமழை ஆண்டின் மார்ச்சையும் ஒப்பிட்டால் காயல் சுருங்கிவிட்டதாகவே தெரியும். இதைத் தவிர்க்க ஒற்றைப் படத்தை விட்டுவிட்டு, மூன்று அடுத்தடுத்த ஆண்டுகளின் பிப்ரவரி–மார்ச் படங்களைச் சேர்த்து, ஒவ்வொரு பிக்சலுக்கும் இடைநிலை மதிப்பை (மீடியன்) எடுப்பது நல்லது.

நம் கரையில் ஓதம் குறைவுதானே, அதைப் பொருட்படுத்த வேண்டுமா?

காம்பே வளைகுடாவில் ஓதம் பத்து மீட்டரையும் தாண்டும்; தமிழகக் கரையில் பொதுவாக ஒரு மீட்டருக்குள்தான். ஆனாலும் சரிவைக் கணக்கில் எடுங்கள். 500-க்கு 1 சரிவுள்ள சேற்றுத்திட்டில் நீர்மட்டம் 30 சென்டிமீட்டர் ஏறினால் நீர்விளிம்பு 150 மீட்டர் உள்ளே வரும். லேண்ட்சாட்டில் அது ஐந்து பிக்சல்.

இந்தக் கோள்கள் காலை பத்தரை மணியை ஒட்டித்தான் எப்போதும் கடக்கின்றன. ஓர் இடத்தில் அமாவாசை, பௌர்ணமி ஓதங்கள் ஏறக்குறைய ஒரே மணிக்கு வருவதால், கோளின் கண்ணுக்கு ஓதத்தின் முழு வீச்சும் படுவதே இல்லை. எனவே "மிகத் தாழ்ந்த வற்றத்தில் வெளிப்படும் திட்டு" என்று படத்திலிருந்து அளந்தால், உண்மையில் அளப்பது காலை பத்தரைக்கு வெளிப்படும் திட்டைத்தான். படம் எடுத்த நேரத்தை விவரக் கோப்பில் எடுத்து, உலகப் பொது நேரத்துடன் ஐந்தரை மணி கூட்டி, சர்வே ஆஃப் இந்தியா ஓதப் பட்டியலில் பக்கத்துத் துறைமுகத்தின் உயரத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டு படங்களுக்கிடையே 15 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நீர்விளிம்பை ஒப்பிட வேண்டாம்.

முத்துப்பேட்டைக் காயலுக்குள் இந்தப் பட்டியலும் முழுதாகப் பொருந்தாது. முகத்துவாரத்தில் மணல் அடைத்தால் ஓதம் உள்ளே தாமதமாகவும் குறைந்தும் வரும். கோரையாறு, பாமணியாறு வழியாக வரும் வடிகால் நீரும் மட்டத்தை உயர்த்தும்.

நீரைப் பிரிக்க எந்தக் குறியீடு?

பழைய குறியீடு என்டிடபிள்யுஐ: பச்சையிலிருந்து அண்மை அகச்சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுப்பது. தெளிந்த நீருக்கு நன்று. காயல் நீர் கலங்கல். மிதக்கும் வண்டல் அண்மை அகச்சிவப்பைத் திருப்பி அனுப்புவதால் குறியீடு சுழியத்துக்குக் கீழே இறங்கி, நீர் நிலமாகிவிடும். அகச்சிவப்பு இடத்தில் குற்றலை அகச்சிவப்பை வைப்பது எம்என்டிடபிள்யுஐ. கழிமுகங்களுக்கு அதுதான் பொருத்தம். லேண்ட்சாட் 5-இல் பேண்ட் 2, 5. லேண்ட்சாட் 8-இல் பேண்ட் 3, 6. சென்டினல்-2-இல் பேண்ட் 3, 11.

வாசல் மதிப்பு, அதாவது நீரையும் நிலத்தையும் பிரிக்கும் எல்லை எண், எல்லாப் படத்துக்கும் சுழியம் என்று வைக்காதீர்கள். நீரும் நிலமும் ஏறக்குறைய சமமாக வரும்படி ஒரு கட்டத்தை வெட்டி, மதிப்புகளின் பரவலை வரைந்து, இரண்டு மேடுகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தை வாசலாக எடுங்கள். ஓட்சு முறை இதைத் தானாகச் செய்யும். படத்தில் நீர் பத்தில் ஒரு பங்குகூட இல்லாவிட்டால் ஓட்சு தவறான இடத்தில் வெட்டும். கட்டத்தை வெட்டச் சொல்வது அதனால்தான்.

ஈரச் சேறு இரண்டு குறியீட்டிலும் நீர்போலவே தெரியக்கூடும். அதை "ஈரச் சேறு" என்று தனி வகுப்பாகவே வைத்துக்கொள்வது மேல்.

மேகத்தை நீக்கினால் உப்பளமும் சேர்ந்து காணாமல் போகிறது. ஏன்?

உப்புக் குவியலும் வெண்மணலும் மேகம்போலப் பளிச்சென்று இருப்பதால். சென்டினல்-2-இன் காட்சி வகைப்பாட்டுப் பேண்ட் ஒவ்வொரு பிக்சலும் எது என்று எண்ணிட்டுத் தருவது; அதில் 8, 9 மேகம், 10 மெல்லிய சிர்ரஸ் மேகம், 3 மேக நிழல். வேதாரண்யம் பாத்திகள் படத்துக்குப் படம் 8-இலும் 9-இலும் விழும். கலங்கலான காயல் சில நாள் 3-இல் விழும். இந்த வகைகளை அப்படியே நீக்கினால் உப்பளம் இருக்கும் இடத்தில் ஓட்டை விழும், அல்லது மிகக் குறைந்த படங்களிலிருந்து இடைநிலை எடுக்கப்பட்டுப் பொய் மதிப்பு வரும்.

ஒரு பிக்சலுக்கு எத்தனை மேகமற்ற படங்கள் மிஞ்சின என்று எண்ணி ஒரு வரைபடம் போடுங்கள். உப்பளத்தில் அந்த எண் சுற்றுப்புறத்தைவிடச் சட்டென்று குறைந்தால் குற்றம் மேகத்தின்மேல் இல்லை. ஆண்டு முழுதும் ஒரே இடத்தில் நிற்கும் "மேகம்" மேகமாக இருக்க முடியாது. அந்த இடங்களுக்கு ஒரு முகமூடி (அவற்றை மட்டும் குறிக்கும் வரைபடம்) தயாரித்து, கண்ணால் பார்த்துத் தேர்ந்த மேகமற்ற நாட்களின் படங்களை மட்டும் அங்கே பயன்படுத்துங்கள்.

அலையாத்தியையும் சீமைக் கருவேலத்தையும் எப்படிப் பிரிப்பது?

கோடியக்கரைப் பக்கம் மிக அதிகமாக நடக்கும் குழப்பம் இது. இரண்டும் கோடையிலும் பச்சை. பசுமையைக் காட்டும் குறியீடான என்டிவிஐ (அண்மை அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுப்பது) இரண்டுக்கும் ஒத்துப்போகும். இதைக் கவனிக்காமல் விட்டால், சீமைக் கருவேலம் பரவியதை அலையாத்தி வளர்ந்ததாக அறிக்கை எழுதிவிடுவோம். மேலாண்மைக்கு இதைவிடத் தவறான செய்தி கிடையாது.

முதலில் குற்றலை அகச்சிவப்பைப் பாருங்கள். அலையாத்தியின் அடியில் ஈரச் சேறு இருப்பதால் அந்தப் பேண்ட் இருட்டாக இருக்கும்; கருவேலம் நிற்பது காய்ந்த மண், ஆகவே வெளிச்சம். இது மார்ச்–மே படங்களில்தான் வேலை செய்யும்; மழைக்காலத்தில் இரண்டும் நனைந்திருக்கும். அடுத்து ஆண்டு முழுவதற்குமான ஏற்ற இறக்கம். அடர்ந்த அலையாத்தியின் என்டிவிஐ மாதத்துக்கு மாதம் பெரிதாக மாறாது. கருவேலமும் அதன் கீழுள்ள புல்லும் மழைக்குப் பின் ஏறி, கோடையில் இறங்கும். மூன்றாவது இருப்பிடம்: ஓடையிலிருந்தோ காயல் விளிம்பிலிருந்தோ உள்ள தூரத்தை ஒரு பேண்டாகச் சேர்த்தால் வகைப்பாடு கணிசமாகச் சீராகும்.

உயரத் தரவைச் சேர்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். இலவசமாகக் கிடைக்கும் எஸ்ஆர்டிஎம் உயரத்தின் பிழையே சில மீட்டர். அது காட்டுவதும் தரையை அல்ல, மர உச்சியை. அலையாத்திக்கும் மேட்டுக்கும் இடையில் அரை மீட்டர்தான் வித்தியாசம் என்னும்போது அது உதவாது.

உமரி என்ற உவர்ச்செடி படர்ந்த இடங்கள் வேறு வகை. பச்சை குறைவு, பருவத்தில் சிவப்பாகவும் மாறும். என்டிவிஐ வாசலை வைத்து "செடியில்லாத நிலம்" என்று தள்ளிவிட்டால் உவர்ச் சதுப்பின் உயிருள்ள பகுதியையே தள்ளிவிடுவோம்.

உப்பளம், இறால் குட்டை, இயற்கைக் காயல் மூன்றும் நீராகவே வருகின்றன. எப்படிப் பிரிப்பது?

ஒற்றைப் படத்தில் நிறத்தை வைத்துப் பிரிக்க முயலாதீர்கள். காலத்தையும் வடிவத்தையும் பாருங்கள்.

உப்பளத்தில் மழை ஓய்ந்த பிறகுதான் நீர் கட்டுவார்கள். தேக்கும் பாத்தியிலிருந்து தெப்பத்துக்கும் (நீரைச் செறிவாக்கும் பாத்தி) பிறகு படிகப் பாத்திக்கும் நீர் நகரும்போது பாத்திக்குப் பாத்தி நிறம் மாறும். இறால் குட்டையில் வளர்ப்புக் காலம் சில மாதம் நீர் நிற்கும், அறுவடை முடிந்து வடித்துக் காயவிடுவார்கள், மீண்டும் நிரப்புவார்கள். காயல் மழையோடு விரிந்து கோடையோடு சுருங்கும். 24 மாத எம்என்டிடபிள்யுஐ வரிசையை ஒரு பிக்சலுக்கு வரைந்து பார்த்தால் மூன்றின் ஓட்டமும் வெவ்வேறாக இருக்கும்.

வடித்துக் காயப்போட்ட குட்டையைக் "கைவிடப்பட்டது" என்று எழுதுவதற்கு முன் குறைந்தது இரண்டு ஆண்டுப் படங்களைப் பாருங்கள். செவ்வக வடிவமும் நேர்க்கோட்டு வரப்பும் கண்ணுக்குச் சட்டென்று தெரிந்துவிடும். குட்டை எல்லைகளைக் கூகுள் எர்த் ப்ரோவின் பழைய படங்களில் கையால் வரைவது மெதுவான வேலைதான், ஆனால் சில நூறு குட்டைகள் வரை எந்தத் தானியங்கி முறையையும்விட நம்பகமானது.

முத்துப்பேட்டையை எடுத்துக்கொண்டு படிகளை வரிசையாகச் சொல்ல முடியுமா?

1990-ஐ ஒட்டிய காலத்தையும் 2020-ஐ ஒட்டிய காலத்தையும் லேண்ட்சாட்டில் ஒப்பிடுவதாக வைத்துக்கொள்வோம்.

1. ஆய்வு எல்லையை முதலில் வரைந்து மூடிவிடுங்கள். காயல், காடு, சுற்றிலும் இரண்டு கிலோமீட்டர். இடையில் எல்லையை மாற்றினால் பரப்பு எண்கள் எல்லாம் வீண்.

2. கலெக்ஷன் 2, லெவல் 2 தரைப் பிரதிபலிப்புப் படங்களை எடுங்கள். கோப்பிலுள்ள எண்ணை 0.0000275-ஆல் பெருக்கி 0.2-ஐக் கழித்தால்தான் பிரதிபலிப்பு மதிப்பு கிடைக்கும். இந்தப் படியை விட்டுவிட்டுக் குறியீடு கணக்கிட்டால் கழித்தல் எண் விட்டுப்போய் விகிதமே தவறும்.

3. படத்தின் தரக் குறிப்பைத் தரும் க்யூஏ பிக்சல் பேண்டில் விரித்த மேகம், மேகம், மேக நிழல் ஆகிய 1, 3, 4-ஆம் பிட்டுகளை நீக்குங்கள்.

4. பிப்ரவரி–மார்ச் படங்களை மூன்று ஆண்டுக்குச் சேர்த்து இடைநிலை. லேண்ட்சாட் 5-இன் பழைய படங்கள் நம் பகுதிக்கு எல்லா ஆண்டும் சீராகக் கிடைக்காது. கிடைக்காவிட்டால் ஆண்டை விரியுங்கள், மாதத்தை விரிக்காதீர்கள். லேண்ட்சாட் 7-இல் 2003 மே 31-க்குப் பிறகு வருடல் கோட்டைச் சீராக்கும் கருவி பழுதாகி, ஒவ்வொரு படத்திலும் சுமார் 22 விழுக்காடு கோடு கோடாக விடுபட்டிருக்கும்.

5. எல்லாவற்றையும் யுடிஎம் 44 வடக்கு என்ற ஒரே வீழலில் (வரைபட ஆயமுறை), ஒரே பிக்சல் கட்டத்தில் வையுங்கள். பாலம், கரைமூலை போன்ற அசையாத இருபது புள்ளிகளில் இரண்டு காலத்துப் படமும் பொருந்துகிறதா என்று பாருங்கள். அரைப் பிக்சல், அதாவது 15 மீட்டர் நகர்ந்திருந்தால், 10 கிலோமீட்டர் நீளக் கரைவிளிம்பில் 15 ஹெக்டேர் பொய் மாற்றம் வரும்.

6. வகுப்புகள்: அடர்ந்த அலையாத்தி, அடர்த்தி குறைந்த அலையாத்தி, உமரி, ஈரச் சேறு, காய்ந்த உவர்நிலம், நீர், உப்பளம், இறால் குட்டை, சீமைக் கருவேலமும் பிற மேட்டுத் தாவரமும். வகுப்புக்கு 60 முதல் 100 பயிற்சிப் புள்ளிகள். 1990-க்கும் 2020-க்கும் தனித்தனிப் புள்ளிகள்.

7. ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற கணினி வகைப்படுத்தி, 200 முடிவு மரங்கள் (காட்டு மரமல்ல, கணினியின் தீர்மானக் கிளைகள்). உள்ளீடாக ஆறு பேண்டுகள், என்டிவிஐ, எம்என்டிடபிள்யுஐ, ஓடைத் தூரம்.

8. ஆறு பிக்சலுக்கு, அதாவது சுமார் அரை ஹெக்டேருக்குக் குறைந்த துணுக்குகளைச் சுற்றியுள்ள வகுப்பில் சேருங்கள்.

9. பயிற்சிக்குப் பயன்படுத்தாத புள்ளிகளில் சரிபாருங்கள். இதைப் பற்றிக் கீழே விரிவாக.

லேண்ட்சாட் 8-இன் அண்மை அகச்சிவப்புப் பேண்ட் பழையதைவிடக் குறுகியது. அதனால் அதே காட்டுக்கு என்டிவிஐ சற்று கூடுதலாக வரும். இரண்டு காலத்தின் என்டிவிஐ எண்ணை நேராகக் கழித்து "காடு அடர்ந்துள்ளது" என்று சொல்லக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

2022 தொடக்கத்தில் அலையாத்தியின் என்டிவிஐ திடீரென்று விழுந்திருக்கிறது. நோயா, நீர் மாசா?

பெரும்பாலும் இரண்டுமில்லை. 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 படங்களைச் செப்பனிடும் முறை மாறி, எல்லா எண்களுடனும் 1000 கூட்டப்படுகிறது. அதைக் கழிக்காமல் 10,000-ஆல் வகுத்தால் ஒவ்வொரு பேண்டும் 0.1 கூடிவிடும்.

கணக்கைப் பாருங்கள். சிவப்பு 0.04, அண்மை அகச்சிவப்பு 0.30 உள்ள நல்ல காட்டின் என்டிவிஐ 0.76. இரண்டிலும் 0.1 கூடினால் 0.14, 0.40; என்டிவிஐ 0.48. ஒரே வாரத்தில் காடு முழுவதும் நலிந்ததுபோலத் தோன்றும். பழைய படங்களும் புதிய முறையில் மறுபடி செப்பனிடப்பட்டிருக்கலாம் என்பதால் தேதியை மட்டும் நம்ப வேண்டாம். ஒவ்வொரு படத்தின் விவரக் கோப்பிலும் முறை எண் 04.00 அல்லது அதற்கு மேலா என்று பாருங்கள். எர்த் எஞ்சினில் "ஹார்மனைஸ்டு" என்ற தொகுப்பை எடுத்தால் இது சரிசெய்யப்பட்டே வரும்.

புயலுக்குப் பிறகு சேதத்தை எப்போது அளப்பது?

இரண்டு முறை அளக்க வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. அடுத்த வாரங்களின் படங்களில் காடு பச்சை இழந்து தெரியும். அது இலை உதிர்வும் கிளை முறிவும் மர இறப்பும் எல்லாம் சேர்ந்த தோற்றம். அதை அப்படியே "அழிந்த பரப்பு" என்று எழுதுவது தவறு.

முத்துப்பேட்டையில் ஆதிக்கம் செலுத்தும் அவிசென்னியா என்ற அலையாத்தி மரம் முறிந்த தண்டிலிருந்தும் மீண்டும் துளிர்க்கும். ரைசோபோரா எனப்படும் சுரபுன்னைக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. முறிந்தால் பெரும்பாலும் போனதுதான். ஆகவே 2018 பிப்ரவரி–மார்ச்சை அடிப்படையாக வைத்து, 2019 பிப்ரவரி–மார்ச்சில் தாக்கத்தையும், 2020, 2021 பிப்ரவரி–மார்ச்சில் மீளாத பரப்பையும் அளக்க வேண்டும். மூன்றாவது பருவத்திலும் பழைய அளவுக்கு ஏறாத பிக்சல்களே களத்தில் போய்ப் பார்க்க வேண்டியவை.

மழைக்காலத்தில் மேகம் மறைக்கிறதே, ரேடார் படம் உதவுமா?

வெள்ளப் பரப்புக்கு மிகவும் உதவும். சென்டினல்-1 மேகத்தையும் இரவையும் கடந்து பார்க்கும். அமைதியான நீர் ரேடாரில் கறுப்பு. ஆனால் காற்று வீசி அலை எழும்பினால் காயல் வெளுத்து, கரை எது நீர் எது என்று தெரியாமல் போகும். செங்குத்தாக அனுப்பிச் செங்குத்தாகவே பெறும் விவி முனைவாக்கத்தில் இது அதிகம், கிடையாகப் பெறும் விஎச்சில் குறைவு. வழுவழுப்பான ஈரச் சேறும் உப்பளப் பாத்தியும்கூடக் கறுப்பாகவே தெரியும், அவற்றை நீர் என்று எண்ணிவிட வாய்ப்புண்டு.

அடர்ந்த காட்டின் அடியில் நிற்கும் நீரைச் சென்டினல்-1-இன் ஐந்தரை சென்டிமீட்டர் அலை பார்க்காது, இலைகளிலேயே சிதறிவிடும். அதற்கு 24 சென்டிமீட்டர் அளவிலான எல்-பேண்ட் வேண்டும். 2025 ஜூலை 30 அன்று ஏவப்பட்ட நாசா–இஸ்ரோவின் நிசார், எல்-பேண்டும் எஸ்-பேண்டும் சேர்த்து 12 நாளுக்கு ஒரு சுற்று பார்க்கும்படி அமைக்கப்பட்டது. அது ஏவப்பட்ட ஸ்ரீஹரிகோட்டாவே பழவேற்காட்டு ஏரியைக் கடலிலிருந்து பிரிக்கும் மணல்தீவு என்பது இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு மகிழ்ச்சி தரும் விஷயம்.

"துல்லியம் 85 விழுக்காடு" என்றால் மாற்றமும் 85 விழுக்காடு சரியா?

இல்லை. 85 விழுக்காடு துல்லியமுள்ள இரண்டு வரைபடங்களை ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால், பிழைகள் தனித்தனியாக நிகழும் பட்சத்தில், இரண்டிலும் சரியாக இருக்கும் பிக்சல்கள் 72 விழுக்காடுதான். உண்மையான மாற்றமே 5 விழுக்காடு என்றால், வரைபடத்தில் தெரியும் மாற்றத்தில் பெரும்பகுதி பிழை.

செய்ய வேண்டியது: மாற்ற வரைபடத்தையே நேரடியாகச் சரிபாருங்கள். ஒரு கற்பனைக் கணக்கு. மொத்தம் 10,000 ஹெக்டேர். வரைபடம் 200 ஹெக்டேர் இழப்பு என்கிறது. "இழப்பு" பகுதியில் குருட்டாம்போக்காக 100 புள்ளிகள், "இழப்பில்லை" பகுதியில் 400 புள்ளிகள். ஒவ்வொன்றையும் உயர்தெளிவுப் படங்களில் பார்க்கிறோம். இழப்பு என்ற 100-இல் 80 சரி. இழப்பில்லை என்ற 400-இல் 4 இடங்களில் உண்மையில் இழப்பு.

திருத்திய இழப்பு = 200 × 0.80 + 9,800 × 0.01 = 160 + 98 = 258 ஹெக்டேர். 95 விழுக்காடு நம்பக இடைவெளி கணக்கிட்டால் ஏறக்குறைய ±97 ஹெக்டேர்.

அதாவது பிக்சலை எண்ணிச் சொன்ன 200 குறைவு. நேர்மையாகச் சொல்லக்கூடியது "161-க்கும் 355-க்கும் இடையில்" என்பதே. அந்தப் பெரிய இடைவெளிக்குக் காரணம் 400-இல் தவறிய அந்த நான்கு புள்ளிகள்; ஒவ்வொன்றும் 24 ஹெக்டேருக்கு மேல் எடை சுமக்கிறது. இடைவெளியைச் சுருக்க வேண்டுமானால் காட்டு விளிம்பை ஒட்டிய 60 மீட்டர் பட்டையைத் தனிப் பகுதியாகப் பிரித்து அங்கே கூடுதல் புள்ளிகள் போடுங்கள். விடுபட்ட இழப்பு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஹெக்டேருக்கு இரண்டு தசம எண் வரை பரப்பு எழுதி, பிழை அளவு எதுவும் தராத அறிக்கையைக் கண்டால் சந்தேகப்படுங்கள்.

படம் காரணத்தையும் சொல்லுமா?

சொல்லாது. பிச்சாவரத்தின் வரலாறு இதற்குச் சான்று. காட்டின் நடுவே மொட்டையான பகுதிகள் பழைய படங்களில் தெளிவாகத் தெரிந்தன. மக்கள் வெட்டியதால் ஆனது என்று எளிதாகச் சொல்லியிருக்கலாம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் களத்தில் பார்த்தபோது கிடைத்த விளக்கம் வேறு: முற்காலத்தில் வனத்துறை முறைவைத்து மொத்தமாக வெட்டிய பகுதிகளில் மண் காய்ந்து அமிழ்ந்து தொட்டிபோல் ஆகிவிட்டது, உள்ளே வந்த ஓத நீர் வெளியேறாமல் ஆவியாகி உப்பு ஏறியது, அங்கே விதை முளைக்கவில்லை. ஒரு பெரிய கால்வாயும் அதிலிருந்து சாய்வாகப் பிரியும் சிறு கால்வாய்களுமாக மீன்முள் வடிவில் வெட்டி ஓதம் போய்வர வழி செய்த பிறகு காடு திரும்பியது. அந்த மீன்முள் கோடுகளை இன்றும் உயர்தெளிவுப் படத்தில் பார்க்கலாம். எங்கே போய் மண்ணைச் சோதிக்க வேண்டும் என்பதைப் படம் காட்டும். உப்பு அளவைக் கருவியோடு சேற்றில் இறங்கித்தான் அறிய வேண்டும்.

களத்தில் என்னென்ன குறிக்க வேண்டும்?

தேதி, நேரம், ஜிபிஎஸ் புள்ளி, மர இனம், உயரம், காலடியில் நீரின் ஆழம், நான்கு திசையிலும் ஒரு படம். அடர்ந்த காட்டுக்குள் கைபேசி ஜிபிஎஸ் பத்து மீட்டருக்கு மேலும் தவறும். திறந்த ஓடையில் நின்று புள்ளி எடுத்து, காட்டின் திசையையும் தூரத்தையும் எழுதுங்கள். லேண்ட்சாட்டுக்கான புள்ளி என்றால் சுற்றிலும் 90 மீட்டர் சதுரத்துக்கு ஒரே வகை இருக்க வேண்டும். காப்புக்காடுகளுக்குள் போக வனத்துறை அனுமதி கட்டாயம். உள்ளூர் மீனவர்களிடம் முகத்துவாரம் எந்த ஆண்டு அடைத்தது, எங்கே வெட்டித் திறந்தார்கள் என்று கேளுங்கள். அந்த ஆண்டுகளைக் கொண்டு படங்களைத் தேடினால் விடை சீக்கிரம் கிடைக்கும்.

ஏற்கெனவே உள்ள அட்லஸ், உலக வரைபடங்களை அப்படியே பயன்படுத்தலாமா?

பின்னணிக்குப் பயன்படுத்தலாம், ஒன்றோடொன்று கழிக்கக் கூடாது. இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் 2011-இல் வெளியிட்ட தேசிய ஈரநில அட்லஸ் 2.25 ஹெக்டேருக்குக் குறைந்தவற்றைப் புள்ளியாக மட்டும் குறித்தது. இந்திய வன அளவீட்டு நிறுவனத்தின் 2021 அறிக்கை தமிழகத்தின் அலையாத்தியை 45 சதுர கிலோமீட்டர் என்கிறது. அது மர மூடல் உள்ள பரப்பு. முத்துப்பேட்டையின் காப்புக்காட்டுப் பரப்பு மட்டுமே அதைவிடப் பெரியது, ஏனென்றால் அதில் காயலும் சேற்றுத்திட்டும் மொட்டை நிலமும் அடங்கும். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து "காடு குறைந்துவிட்டது" என்று செய்தி எழுதுவது இதனால்தான் பிழையாகிறது.

1970-களின் படங்களோடு ஒப்பிடலாமா?

1972 முதல் லேண்ட்சாட் படங்கள் உண்டு. ஆனால் அவற்றின் பிக்சல் 80 மீட்டர் அளவு, குற்றலை பேண்ட் கிடையாது. கரைவடிவம், முகத்துவாரம், பெரிய காட்டுத் திட்டுகள் மட்டும் பாருங்கள். பரப்பு ஒப்பீடு வேண்டுமென்றால் புதிய படத்தையும் அதே அளவுக்குக் கரடுமுரடாக்கிய பிறகே.

மனுவிலோ வழக்கிலோ இணைக்க என்ன வேண்டும்?

ஒவ்வொரு படத்தின் முழு அடையாள எண், எடுத்த தேதி, நேரம். செப்பனிடும் முறை எண். ஆய்வு எல்லைக் கோப்பு. எந்தக் குறியீடு, என்ன வாசல். சரிபார்ப்புப் புள்ளிகளின் பட்டியலும் ஒவ்வொன்றுக்கும் பார்த்த உயர்தெளிவுப் படத்தின் தேதியும். திருத்திய பரப்பும் அதன் பிழை இடைவெளியும். நிறமூட்டிய படத்தோடு, நிறமூட்டாத இயல்புநிறப் படத்தையும் அதே அளவுகோலில் வையுங்கள். எதிர்த்தரப்பு முதலில் கேட்பது "இது எந்த மாதப் படம், அன்று ஓதம் என்ன" என்பதாகவே இருக்கும். அந்த இரண்டு பதிலும் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும்.